ஒண்ணு விட்டு ஒண்ணு

வா கண்ணு, வா. செருப்ப வெளியவே விட்டுரு. இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காரு. மாடிய அப்புறம் பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடிப் போயராது. ரெண்டு ரூம்பு, ஒரு சமையக்கட்டு, துணி காயப் போட மொட்டை மாடி. தரகர் எல்லாஞ் சொல்லியிருப்பாரு. அஞ்சு மாசமா ஏன் பூட்டிக் கெடக்குதுன்னு மட்டும் சொல்லியிருக்க மாட்டாரு. நாலு பேரு வந்து பாத்தாங்க. புடிச்சிருக்குதுன்னுதான் போனாங்க. போனவங்க போனவங்கதான். தெருமுனை தாண்டறதுக்குள்ள எவளோ புடிச்சு நிறுத்தி ஓதிப்போடறா. அதான் இந்த வாட்டி நானே முந்திக்கறேன். நாளைக்கு உன்னைய யாராச்சும் கேட்டா, "எனக்கு எல்லாந் தெரியுங்க, அந்தம்மாவே சொன்னாங்க"ன்னு நீ சொல்லணும். காபி குடிப்பியல்ல? சர்க்கரை தூக்கலாவே போட்டிருக்கறேன்.

மாடில இருந்தவ பேரு செல்வகனி. விருதுநகர்ப் பக்கம். இருபத்தொம்பது வயசு, கல்யாணமாகல. டவுனுக்குள்ள ஒரு கண்ணாடிக் கடைல வேலை. சாமான் விக்கற வேலையில்ல, கண்ணு டெஸ்ட் பண்றது. அந்த இருட்டு ரூம்புல உக்கார வெச்சு, "இது தெரியுதா, அது தெரியுதா"ன்னு கேப்பாங்களே, அந்த வேலை. ஆறு வருசம் ஒரே கடை. நம்ம மாடில மூணு வருசம். குத்தம் சொல்ல முடியாத புள்ள. சத்தம் கெடையாது, ஆள் போக்குவரத்து கெடையாது. எனக்கு இந்தக் கண்ணாடி கூட அவ போட்டுக் குடுத்ததுதான். அதுக்கு முன்னாடி போன்ல எழுத்தெல்லாம் எறும்பு போறாப்பல இருக்கும். என்ற மவன் பெங்களூர்ல இருந்து பெரிய போனா வாங்கி அனுப்பிச்சான், நான் அதுல படம் மட்டுந்தான் பாத்துட்டிருந்தேன். ஒரு நாளு இவ கவனிச்சுப்போட்டு, "என்னம்மா, போனக் கை நீட்டிப் புடிக்கறீங்க"ன்னு கேட்டா. அன்னைக்கே கடைக்குக் கூட்டிட்டுப் போயி, அவளே உக்காத்தி வெச்சுப் பாத்து, நாலு நாள்ல கொண்டாந்து மாட்டி விட்டா. நல்ல கண்ணாடி. அதுல ஒண்ணுஞ் சொல்றதுக்கில்ல.

அதுக்கப்பறந்தான் நான் படிக்க ஆரம்பிச்சேன். செய்திக்குக் கீழ சனங்க எழுதறாங்க பாரு கண்ணு, கமெண்ட்டு, அது. செய்தி கூட அப்பறந்தான். ஒருத்தர் ஒண்ணு சொல்ல, இன்னொருத்தர் திருப்பிக் குடுக்க, பொழுது போறதே தெரியாது. மவன் எனக்கொரு கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தான். சொந்தப் பேரு வேண்டாம்மான்னு செம்பருத்தின்னு போட்டு ஒரு செம்பருத்திப் பூ படமும் வெச்சான். நானும் எழுதுவேன். மொத மொத ஒரு பிரியாணிக் கடையப் பத்தி எழுதினேன், பதினோரு பேரு லைக்குப் போட்டாங்க. பதினோரு பேரு கண்ணு! இந்த வீட்டுல நான் பேசுனா யாரு கேட்டா? எங்கூட்டுக்காரரு டவுன் பஸ் டிரைவரு, முப்பத்திரண்டு வருசம். வூட்டுக்கு வந்தார்னா, "காதுல ஆரன் சத்தம் இன்னும் போகல, சித்த சும்மா இரு"ம்பாரு. சித்த சும்மா இருன்னு சொல்லிச் சொல்லியே அவரு ரிட்டேர்டு ஆயிட்டாரு.

சரி, விசயத்துக்கு வர்றேன். அந்தப் புள்ள ஒரு காரு வாங்குச்சு. செகண்ட் ஹேண்டு, சின்னது, செவப்புக் கலரு. ஆறு வருசம் சேத்து வெச்சு வாங்குனாளாம். நம்ம கேட்டுக்கு முன்னால நிறுத்துவா. நான் கோலம் போடற எடம். நான் ஒண்ணுஞ் சொல்லல. கோலத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டேன். "வாங்கம்மா, மருதமல வரைக்கும் போயிட்டு வரலாம்"னு ரெண்டு வாட்டி கூப்பிட்டா. எனக்கு முட்டி வலின்னுட்டேன். டிரைவர் பொண்டாட்டி நானு, அம்பத்தாறு வயசுல இன்னும் பஸ்ல கம்பியப் புடிச்சுட்டு நிக்கறேன். எனக்கென்னத்துக்கு அடுத்தவங்க காரு?

திருச்சி ரோட்டுல பாலம் வேலை நடக்குதல்ல, நீ உடுமலையா, பாத்திருப்ப. ரெண்டு தடம் வந்து ஒரு தடமாச் சுருங்கும். சனங்க என்ன பண்ணுவாங்க, சுருங்கறதுக்கு அரை மைலுக்கு முன்னாலயே இடது பக்கமா ஒதுங்கி ஒண்ணு பின்னால ஒண்ணா நிப்பாங்க. வலது பக்கம் காலியாக் கெடக்கும். நம்ம மகராசி என்ன பண்ணியிருக்கறா, அந்தக் காலித் தடத்துல நேரா கடைசி வரைக்கும் போயி, அங்க இண்டிகேட்டரப் போட்டுட்டு நின்னிருக்கறா. வரிசைல இருந்த ஒருத்தரு வழி விடல. அவரு கண்ணாடிய எறக்கித் திட்டறாரு, பின்னால ஒருத்தன் எல்லாத்தையும் போன்ல புடிக்கறான்.

"வரிசைல நிக்கறவனெல்லாம் கேனையனா?"ன்னு அவரு கேக்கறாரு.

இவ கத்தல. கத்தியிருந்தாக் கூடப் பரவால்ல. அந்த இருட்டு ரூம்புல பேசறாப்பல மெதுவாச் சொல்றா. "அண்ணா, ரெண்டு வரிசையும் கடைசி வரைக்கும் வரணும். இங்க வந்து நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. ஒண்ணு விட்டு ஒண்ணு போனா எல்லாருமே சீக்கிரம் போயிரலாம். இதுதான் முறை."

"எனக்கு நீ முறை சொல்லித் தர்றியா?"

"தெரியாதவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும்ணா."

அவ்வளவுதான் வீடியோ. நாப்பது விநாடி கூட இல்ல. போன்ல கொங்கு சவுண்டுன்னு ஒரு பக்கம் இருக்குது, அதுல "முறை சொல்லித் தரும் மேடம்"னு தலைப்பு வெச்சுப் போட்டுட்டாங்க.

நான் பாத்தேன். பாத்த ஒடனே எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது கண்ணு. மாடில இருக்கற புள்ளதான், ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குதல்ல? வரிசைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். மவன் கைக்கொழந்தையா இருக்கறப்ப சீமெண்ணைக்கு ரேசன் கடைல காலைல இருந்து நின்னிருக்கறேன். எனக்கு முன்னால மூணே பேரு. அப்ப ஒருத்தி, பட்டுச் சேலை கட்டிக்கிட்டு, கடைக்காரங்கிட்டச் சிரிச்சுப் பேசிட்டே பக்கவாட்டுல போயி ரெண்டு கேன் வாங்கிட்டுப் போயிட்டா. எம் மொறை வர்றப்ப தீந்து போச்சு. மூணு நாளு வெறகு ஊதி ஊதிக் கொழந்தைக்குப் பால் காச்சினேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கல. இவ அந்த வீடியோவுல சிரிக்கல, வாஸ்தவந்தான். ஆனாச் சிரிக்கறாப்பலதான் எனக்குத் தெரிஞ்சுது.

எங்கூட்டுக்காரருகிட்டக் காட்டினேன். ரெண்டு தடவ பாத்தாரு. "அந்தப் புள்ள சொல்றது சரிதான்"னாரு.

"என்ன சரி?"

"ரெண்டு தடமும் நெறஞ்சு வந்து, கடைசில அங்கொண்ணு இங்கொண்ணுன்னு விட்டா, நிக்கற நீளம் பாதியாக் கொறையும். பாதி ரோட்டக் காலியாப் போட்டுட்டு மீதில நின்னுட்டுப் பொலம்பறவங்கதான் தப்பு. முப்பத்திரண்டு வருசம் ஓட்டுனவன் சொல்றேன்."

"நீங்க பஸ்ஸு ஓட்டுனீங்க. நியாயமா பேசுனீங்க?"ன்னு கேட்டுட்டு நான் போனத் தூக்கிட்டு உள்ள வந்துட்டேன்.

கீழ கமெண்ட்டுல எல்லாம் அவ யாரு, எந்த ஊருன்னு தேடிட்டிருந்தாங்க. வண்டி நம்பர வெச்சு ஒருத்தன், மூக்க வெச்சு ஒருத்தன். ஒருத்தனுக்குந் தெரியல. எனக்குத் தெரியும். அத்தன ஆயிரம் பேருல எனக்கு மட்டுந்தான் தெரியும். அது எப்படி இருக்கும்னு உனக்குச் சொன்னாப் புரியாது கண்ணு. நான் எழுதினேன். கடை பேரு, அவ பேரு, ரெண்டையும் போட்டு, கீழ ஒரு வரி. "கண்ணு டெஸ்ட் பண்றவளுக்கே கண்ணு தெரியல."

காபி வெச்சுக் குடிச்சுட்டு வந்து பாக்கறேன், நானூறு லைக்கு. பொழுது சாயறதுக்குள்ள நாலாயிரம். நாலாயிரத்து எறநூறு, ஆமா. அடுத்த நாளு அந்த வரிய வெச்சுப் படம் போட்டுட்டாங்க. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பொம்பள காரு ஓட்டறாப்பல, கீழ என்ற வரி. அப்பறம் யாரோ பாட்டாப் பாடுனாங்க. ஆட்டோ பின்னாலெல்லாம் ஸ்டிக்கரு ஒட்டியிருந்துச்சு கண்ணு, காந்திபுரத்துல என்ற கண்ணால பாத்தேன். ஆனா எங்கயாச்சும் செம்பருத்தின்னு ஒரு பேரு? இல்ல. "அது நான் எழுதுனதுங்க"ன்னு அந்தப் பக்கத்துக்கே எழுதினேன். சிரிக்கற பொம்மை ஒண்ணு அனுப்பிச்சாங்க. ஒருத்தரு ஒழைப்ப இன்னொருத்தரு திருடறது இருக்குதே, அத மாதிரி அநியாயம் ஒலகத்துல கெடையாது.

கடைக்கா? ஆமா, கடைக்கும் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. மேப்புல கடைக்கு நட்சத்திரம் போடுவாங்கல்ல, சனங்க ஒரே ஒரு நட்சத்திரமாப் போட்டுத் தள்ளிட்டாங்க. கடைப் பக்கமே வராதவனெல்லாம் போட்டான், துபாய்ல இருந்து போட்டான். போன் பண்ணி, "குருடி இருக்குறாளா?"ன்னு கேட்டுட்டு வெச்சிருவாங்களாம். நாலாவது நாளு மொதலாளி இவளக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளு லீவுல இரும்மா"ன்னுட்டாரு. லீவுன்னா லீவா? அவ சாமானெல்லாம் பையில போட்டுக் குடுத்துட்டாரு.

அன்னைக்கு மத்தியானம் இங்கதான் வந்தா. இப்ப நீ உக்காந்திருக்கறயே, இதே எடம். அழுதா. மூக்குச் சிந்திச் சிந்தி அழுதா.

"யாரோ தெரிஞ்சவங்கதாம்மா எழுதியிருக்காங்க. கடை பேரு வரைக்கும் தெரிஞ்சிருக்கு. கடைல யாரோதான். என் கூட உக்காந்து சாப்பிட்டவங்கதான் யாரோ."

நான் தலையத் தடவிக் குடுத்தேன். "கடவுள் பாத்துக்குவாரு சாமி, சாப்புடு"ன்னு ரசஞ் சோறு பெசஞ்சு குடுத்தேன். நாலு நாளாச் சாப்புடல போல, ஒரு தட்டு முழுசாச் சாப்புட்டா. பாவமாத்தான் இருந்துச்சு. நானும் மனுசிதான? சாப்புட்டுட்டு மனசு லேசாகி, சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னா. "எங்க அம்மாவுக்குக் கூடத் தெரியாதும்மா, லைசென்ஸ் எடுக்கப் போயி ரெண்டு தடவை பெயில் ஆயிட்டேன். மூணாவது தடவைதான் எட்டு ஒழுங்கா வந்துச்சு. அப்பதான் ரூல்ஸ் புத்தகத்தை வரி வரியாப் படிச்சேன். அதான் அந்த அண்ணன்கிட்ட அப்படிப் பேசிட்டேன் போல."

அவ மாடிக்குப் போனா. நான் தட்டக் கழுவி வெச்சுட்டு வந்து போனத் தொறந்தேன். அங்க என்னடான்னா கூட்டம் கொறஞ்சுட்டிருந்துச்சு. வேற ஒரு சண்டை, எவனோ தேட்டர்ல அடிச்சுக்கிட்டது, சனம் பூரா அங்க போயிட்டிருந்தாங்க. காலைல இருந்து என்ற வரிக்கு ஒரு லைக்கு கூட ஏறல. அப்ப எழுதினேன். "மூணு தடவ போயி லைசென்ஸு வாங்குனவ ஊருக்கு முறை சொல்லித் தர்றா. இப்ப அழுதுட்டுப் போறா. அழுகையும் நடிப்பு, சோறு மட்டும் நல்லா எறங்குது."

அது பழசையும் தாண்டிப் போச்சு கண்ணு.

அப்பறம் பசங்க சில பேரு வூட்டுக்கு முன்னால வந்து காரப் படம் புடிச்சாங்க. காருக் கதவுல கல்லால 'குருடி'ன்னு கீறிட்டுப் போயிட்டாங்க. அதுல எனக்குச் சம்மதமில்ல, சொல்லிர்றேன். நம்ம கேட்டு மேலயும் ஒரு கோடு விழுந்திருச்சு.

ஞாயித்துக்கெழமை காலைல எங்கூட்டுக்காரரு பேப்பர் படிச்சுட்டிருந்தாரு. செல்வகனி எறங்கி வந்தா. அழுகை இல்ல. குளிச்சு, தலை சீவி, பொட்டு வெச்சு, கடைக்குப் போறாப்பல வந்து நின்னா. என்னப் பாக்கல. அவருகிட்டப் போன நீட்டி, "அப்பா, இதைக் கொஞ்சம் சத்தமாப் படிக்கிறீங்களா?"ன்னா.

அவரு பேப்பரே வாய்விட்டுத்தான் படிப்பாரு. படிச்சாரு. லைசென்ஸு, அழுகை, சோறு. எல்லாம் ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாரு. அவரு வாயால கேக்கறப்ப அது நல்லாவே இல்ல கண்ணு. எழுத்துல இருந்த ருசி அதுல இல்ல.

"யாரும்மா இந்தச் செம்பருத்தி?"ன்னு கேட்டாரு.

"லைசென்ஸ் விசயம் நான் இங்க அம்மாகிட்ட மட்டுந்தாம்ப்பா சொன்னேன். இந்த வீட்டுல உக்காந்துதான் சோறு சாப்பிட்டேன்."

அவரு என்னப் பாத்தாரு. நான், "தோசை கருகுது"ன்னுட்டு உள்ள போயிட்டேன். அடுப்பு பத்த வெக்கவே இல்ல. சும்மா அடுப்புக்கு முன்னால நின்னுட்டிருந்தேன். அவ பின்னாலயே சமையக்கட்டு வாசல் வரைக்கும் வந்தா.

"ஏம்மா?"ன்னா.

அவ்வளவுதான் கேட்டா. திட்டல, சாபம் விடல. "நான் என்ன பொய்யா எழுதினேன்? மூணு தடவன்னு நீதான சொன்ன?"ன்னேன். நெசந்தான கண்ணு? ஒரு வார்த்தை பொய் இருக்குதா அதுல? அவ என்ற மூஞ்சியையே பாத்தா. கண்ணு டெஸ்ட் பண்றப்ப பாப்பாளே, கிட்ட வந்து, உள்ளாற என்ன இருக்குதுன்னு பாக்கறாப்பல, அப்படி. அப்பறம் மேல போயிட்டா.

மூணாம் நாளு காலி பண்ணிட்டா. எங்கூட்டுக்காரரு டெம்போ புடிச்சாந்தாரு. இந்த வயசுல பீரோவத் தோள்ல வெச்சு எறக்குனாரு. அவளுக்குக் காரத் தொடவே பயமாயிருச்சுன்னு, அவரே அந்தச் செவப்புக் கார ஓட்டிக்கிட்டு விருதுநகர் வரைக்கும் போயி விட்டுட்டு பஸ்ல வந்தாரு. போறதுக்கு முன்னால அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போயி மொதலாளிகிட்டக் கைகூப்பி நின்னாராம். "என்ற வூட்டுல நடந்த தப்பு, அந்தப் புள்ளைய மறுபடி சேத்துக்கங்க"ன்னாராம். என்ற வூட்டுல நடந்த தப்பாமா! கட்டுன பொண்டாட்டிய ஊர்ல நிறுத்திப் பேசிட்டு வந்திருக்கறாரு. மொதலாளி முடியாதுன்னுட்டாரு. அந்த மனுசனும் யாவாரம் பாக்கணுமல்ல?

அந்தப் புள்ளைக்கு வேலையா? மதுரைல ஒரு கடைல சேந்திருந்தா போல. கண்ணு காட்ட வந்த எவனோ அடையாளங் கண்டு, படம் புடிச்சு, "குருடி இங்க இருக்கிறாள்"னு போட்டுட்டான். அதுவும் போச்சுன்னு கீழ ஒருத்தர் எழுதியிருந்தாரு. இப்ப அம்மா வூட்டுலயே இருக்கறாளாம், வெளிய தெருவ வர்றதில்லையாம். அந்த மதுரைப் படத்துல நான் ஒண்ணும் எழுதல கண்ணு, சத்தியமா. ஒரு லைக்குப் போட்டேன், அவ்வளவுதான். அதுவும் கை பட்டுருச்சு.

அன்னைக்கு விருதுநகர் போன எங்கூட்டுக்காரரு பஸ்ஸ விட்டு எறங்கி வந்ததுல இருந்து என்ற கூடப் பேசறதில்ல. கோவம்னா நாலு நாளு இருக்கும்னு நெனச்சேன். தட்டுல சோத்தப் போட்டா சாப்புடுவாரு. தட்ட அவரே கழுவி வெப்பாரு. உப்பு இல்லைன்னாலும் சொல்ல மாட்டாரு. வேணும்னே ஒரு நாளு உப்பே போடாம வெச்சேன், அப்படியே சாப்புட்டுட்டு எந்திரிச்சுட்டாரு. காலைல வெளிய போனார்னா மத்தியானந்தான் வருவாரு. மவன் போன் பண்ணுனா, ஒரு வார்த்தை சொல்லாம போன எங்கிட்ட நீட்டிருவாரு. சித்த சும்மா இருன்னாவது சொல்லுவாரு முன்னெல்லாம். இப்ப அதுவும் இல்ல.

இதுல ஒரு கூத்து என்னன்னா, போன மாசம் அந்தப் பாலத்துக்கிட்டப் பெரிய போர்டு வெச்சுட்டாங்க. "கடைசி வரை இரு வரிசையாக வரவும். ஒன்று விட்டு ஒன்றாகச் சேரவும்." ஒரு போலீஸ்காரரு நின்னு கைய ஆட்டி ஆட்டி விடறாரு, அங்கொண்ணு, இங்கொண்ணு. வண்டியெல்லாம் மளமளன்னு போகுது. கொங்கு சவுண்டுலயே அதையும் வீடியோவாப் போட்டு, "அன்றே சொன்ன அந்த சகோதரி"ன்னு தலைப்பு. அதே பக்கங் கண்ணு! ஒடனே சனங்க, "ஐயோ பாவம் அந்தப் பொண்ணு, அன்னைக்கு ஆளாளுக்குத் திட்டுனீங்களே"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க.

நான் பாத்தேன். எனக்குத் தாங்கல. நானும் எழுதினேன். "இந்தப் பெண் எங்க மாடியில்தான் மூணு வருசம் குடியிருந்தாள். தங்கமான புள்ள. என் கையால ரசஞ் சோறு பெசஞ்சு போட்டிருக்கேன். ஊரே தூத்தினப்ப அவ அழுத கண்ணீர எங்க வீட்டுத் தரை பாத்துச்சு. அவ சொன்னது சரின்னு என் வீட்டுக்காரர் அப்பவே சொன்னார்." இதுல ஒரு வார்த்தை பொய் உண்டா, நீயே சொல்லு. ஆறாயிரம் லைக்கு. "அம்மா, உங்களை மாதிரி நல்லவங்க இருக்கறதாலதான் மழை பெய்யுது"ன்னு ஒருத்தரு எழுதியிருக்கறாரு. இந்தா, காட்டறேன் பாரு. பழசெல்லாம் இருக்குதான்னு பாக்காத, அதெல்லாம் அழிச்சுட்டேன்.

ஏங் கண்ணு, காபியக் கையிலயே வெச்சுட்டிருக்கற? ஆடை கட்டிப் போச்சு பாரு.

இரு, கேட்டு சத்தம். அவருதான். ஏனுங்க, மாடி பாக்க ஒரு புள்ள வந்திருக்குதுங்க. உடுமலையாமா. கம்பெனில வேலையாமா.

என்ன... என்ன சொன்னாரு? உன்னப் பாத்துத்தான சொன்னாரு? "இந்த வூட்டுக்குக் குடி வராத சாமி"ன்னாரு, இல்ல? எனக்கும் கேட்டுச்சு. எனக்கும் நல்லாக் கேட்டுச்சு.

அஞ்சு மாசங் கண்ணு. அஞ்சு மாசமும் பன்னெண்டு நாளும். கொரலு கம்மிப் போயிருக்குது, பேசாமயே கெடந்ததுல. ஆனா அவரு கொரலுதான்.

எந்திரிக்காத. எங்க போற? உக்காரு, சித்த உக்காரு. பையக் கீழ வெய்யி. நான் கேட்டா அவரு திரும்ப மாட்டாரு. நீ கேளு. ஏனுங்கய்யான்னு கூப்பிட்டு என்னமாச்சும் கேளு. தண்ணி எத்தன மணிக்கு வரும்னு கேளு.